ஷட்டவுன் ஆன பின்னும் எரியும் மவுஸ்: ஒரு மேசைக் கணினியின் நிகழ்வு ஆய்வு

விண்டோஸ் 11 ஓடும், பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த மேசைக் கணினி. ஷட்டவுன் கொடுத்தால் திரை அணைகிறது, ஃபேன்கள் நிற்கின்றன. ஆனால் மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம், கீபோர்டின் வண்ண விளக்குகள், பின்பக்க லேன் போர்ட்டின் பச்சைப் புள்ளி, யூஎஸ்பி ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) மாட்டிய வெளி ஹார்டு டிஸ்கின் நீல விளக்கு எல்லாம் விடியும்வரை எரிகின்றன. மவுஸை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரையில், அணைந்த நிலையில் மின்சாரத்தைக் குறைக்கும் ஈஆர்பி என்ற அமைப்பையும் போட்டாகிவிட்டது. ஒன்றும் மாறவில்லை. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம் என்பது கடைக்காரரின் அடுத்த யோசனை.

பழுதுபார்க்கும் மேசைக்கு இதே வடிவில் அடிக்கடி வரும் புகார் இது. ஆகவே இதை ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் வரலாறாக அல்லாமல் ஒரு வகைமாதிரியாக எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பிரித்துப் பார்க்கலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: எஸ்எம்பிஎஸ்ஸில் பழுது இல்லை, மவுஸிலும் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வழிகளில் மின்சாரம் வந்து ஒரே அறிகுறியைக் காட்டுகிறது. ஒரு வழியை அடைத்தாலும் இன்னொன்று திறந்தே இருப்பதால், செய்த திருத்தம் பலிக்கவில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது

பழைய ஏடி வகைக் கணினிகளில் முன்பக்கப் பட்டன் 230 வோல்ட்டையே நேராகத் துண்டித்தது. அணைத்தால் அணைந்தது. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பு இதை மாற்றியது. முன்பக்கப் பட்டன் இப்போது மதர்போர்டுக்கு ஒரு சைகை அனுப்பும் தொடுபட்டன் மட்டுமே. மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பச்சை வயரைத் தரையிறக்கினால்தான் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய லைன்கள் உயிர்பெறும். அந்தச் சைகையைக் கவனித்துக்கொண்டிருக்கும் சுற்றுக்கே கொஞ்சம் மின்சாரம் வேண்டுமல்லவா? அதற்காகத்தான் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் தனியாக ஒரு சிறிய கன்வெர்ட்டர். சுவரில் பிளக் இருக்கும்வரை, பின்பக்க ராக்கர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, அது நிற்பதே இல்லை. 24 பின் கனெக்டரில் 9-ஆவது பின்னில் ஊதா வயராக வெளிவரும் 5 வோல்ட் ஸ்டான்ட்பை, அதாவது காத்திருப்பு மின்சாரம், இதுதான்.

உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிசையில் ஸ்டான்ட்பைக்கு என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலானவற்றில் 2 முதல் 3 ஆம்பியர். 2 ஆம்பியர் என்றால் 10 வாட். லேன் சிப், பவர் பட்டனைக் கவனிக்கும் சுற்று, நினைவகத் தூக்கத்தின்போது ரேம், இவற்றோடு போர்டு வடிவமைப்பாளர் விரும்பினால் யூஎஸ்பி போர்ட்களும் இந்த 10 வாட்டில்தான் வாழ வேண்டும்.

யூஎஸ்பி போர்ட்டை எந்த லைனில் இணைப்பது என்பது மதர்போர்டின் முடிவு. பழைய போர்டுகளில் யூஎஸ்பி பவர் என்று பெயரிட்ட மூன்று பின் ஜம்பர்கள் இருந்தன. ஒருபக்கம் தொப்பியை மாட்டினால் சாதாரண 5 வோல்ட், அடுத்த பக்கம் மாட்டினால் ஸ்டான்ட்பை. இன்றைய போர்டுகளில் அந்த வேலையை மின்னணு சுவிட்ச்களான மாஸ்ஃபெட்கள் செய்கின்றன, அவற்றை இயக்குவது பயாஸ் அமைப்பு. கீபோர்டைத் தட்டிக் கணினியை எழுப்பவும், அணைந்த கணினியில் கைபேசி சார்ஜ் ஏறவும் ஸ்டான்ட்பை தேவை என்பதால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் அது திறந்தே இருக்கும். ஆகவே ஷட்டவுனுக்குப் பின் மவுஸ் எரிவது அதன் அளவில் பழுது அல்ல, போர்டு வடிவமைக்கப்பட்டபடியே நடக்கிறது.

விளக்கு சொல்லும் பாதி உண்மை

இங்கே ஒரு நுணுக்கம். யூஎஸ்பி விதிப்படி, கணினி பக்கமிருந்து 3 மில்லிநொடி எந்த அசைவும் இல்லாவிட்டால் கருவி தானாக சஸ்பென்ட் என்ற ஓய்வு நிலைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் அது 2.5 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. அணைந்த கணினியில் யூஎஸ்பியின் தகவல் தடமான பஸ் முழுமையாக அமைதியாகிவிடுகிறது. ஆகவே விதியை மதிக்கும் மவுஸ், போர்ட்டில் 5 வோல்ட் இருந்தாலும் தன் விளக்கை அணைத்துக்கொள்ளும். விதியை மதிக்காத மவுஸ் அதே போர்ட்டில் இரவெல்லாம் எரியும். வண்ணக் கீபோர்டுகளிலும் அப்படித்தான்.

இதனால் இரண்டு தவறான முடிவுகள் வருகின்றன. மவுஸை மாற்றியதும் விளக்கு அணைந்தால் "பழைய மவுஸ் கெட்டது" என்று நினைத்துவிடுகிறார்கள். போர்ட்டில் மின்சாரம் அப்படியேதான் இருக்கிறது. மறுபக்கம், இருட்டாக இருக்கும் வெப்கேமைப் பார்த்து அந்தப் போர்ட்டில் மின்சாரம் இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். அதுவும் தவறு.

நம்பத்தக்க சாட்சி இரண்டு. முதலாவது, போர்ட்டுக்கும் கருவிக்கும் நடுவே மாட்டும் யூஎஸ்பி டெஸ்டர். அது வோல்ட்டேஜையும் மின்னோட்டத்தையும் எண்ணாகவே காட்டும். இரண்டாவது, செலவில்லாதது: லேன் போர்ட்டின் விளக்கு. நெட்வொர்க் கேபிள் மாட்டியிருந்து, ஷட்டவுனுக்குப் பின்னும் அது எரிந்தால் ஸ்டான்ட்பை போர்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஈஆர்பி உண்மையாகவே வேலை செய்தால் முதலில் செத்துப்போவது அந்த விளக்குதான். இந்த நிகழ்வில் லேன் விளக்கு எரிகிறது. ஆக, ஈஆர்பி போட்டிருந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை.

போட்ட ஈஆர்பி ஏன் பலிக்கவில்லை

ஈஆர்பி என்ற சொல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்திலிருந்து வந்தது. வீட்டு, அலுவலகக் கருவிகள் அணைந்த நிலையில் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்பதை 1275/2008 என்ற விதி வரையறுத்தது. 2010 ஜனவரி முதல் 1 வாட், 2013 ஜனவரி முதல் அரை வாட். அந்த வரம்புக்குள் இறங்க, மதர்போர்டுகள் ஸ்டான்ட்பையில் ஓடும் பாகங்களில் பெரும்பாலானவற்றைத் துண்டிக்கும் ஒரு ஏற்பாட்டைச் சேர்த்தன. கொஞ்சம் பழைய போர்டுகளில் அதே வசதி ஈயுபி என்ற பெயரில் இருக்கும். சட்டம் ஐரோப்பாவுக்கானது என்றாலும் போர்டு உலகெங்கும் ஒன்றுதான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் போர்டிலும் இந்த வரி இருப்பது அதனால்தான்.

பல போர்டுகளில் இந்த அமைப்பில் மூன்று தேர்வுகள் உண்டு: அணைப்பு, எஸ்5-இல் மட்டும், எஸ்4 மற்றும் எஸ்5 இரண்டிலும். இந்த எண்கள் ஏசிபிஐ தரத்தின் தூக்க நிலைகள். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட தரம் அது. எஸ்3 என்பது ரேமில் உயிரை வைத்துக்கொண்டு தூங்குவது. எஸ்4 என்பது ரேமில் இருந்ததை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது, அதாவது ஹைபர்னேட். எஸ்5 என்பது எதையும் சேமித்துவைக்காமல் அணைவது. பிளக்கையே பிடுங்கினால் அது ஜி3. வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எஸ்4-க்கும் எஸ்5-க்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் ஃபேன் நிற்கும், திரை கறுக்கும். ஆனால் போர்டுக்கு இரண்டும் வேறு.

2012-இல் விண்டோஸ் 8-உடன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வந்தது. அன்று முதல் ஷட்டவுன் என்ற பட்டனின் பொருளே மாறிவிட்டது. பயனரின் நிரல்கள் மூடப்படுகின்றன, கணக்கிலிருந்து வெளியேறுகிறது. ஆனால் விண்டோஸின் கருவான கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதப்படுகிறது. அதன் பிறகு கணினி போவது எஸ்4-க்கு. அடுத்த முறை பட்டனைத் தட்டினால் கெர்னலைப் புதிதாக ஏற்றாமல் அந்தக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இப்போது முடிச்சு அவிழ்கிறது. பயாஸில் போட்டிருப்பது "எஸ்5-இல் மட்டும்". விண்டோஸ் ஒவ்வொரு இரவும் போவது எஸ்4-க்கு. ஈஆர்பி தன் வேளைக்காகக் காத்திருக்கிறது, அந்த வேளை வருவதே இல்லை.

இதை உறுதிசெய்ய ஒரு பாகத்தையும் கழற்ற வேண்டாம். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் மெனுவில் ஷட்டவுனைச் சொடுக்குங்கள். அந்த ஒருமுறை மட்டும் விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை விட்டுவிட்டு முழுமையாக அணைந்து எஸ்5-க்குப் போகும். சில நொடிகள் பொறுத்து லேன் விளக்கைப் பாருங்கள். இந்த நிகழ்வில் லேன், மவுஸ், கீபோர்டு மூன்றும் அணைகின்றன. ஹார்டு டிஸ்கின் நீல விளக்கு மட்டும் எரிகிறது. அது வேறு கணக்கு, பின்னால் வருகிறேன்.

எழுத்துச் சாட்சி வேண்டுவோர் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய், கெர்னல்-பூட் என்ற மூலத்திலிருந்து வரும் 27 என்ற எண்ணுள்ள பதிவைப் பார்க்கலாம். அதில் பூட் வகை 0 என்றால் முழுமையாக அணைந்து எழுந்தது. 1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2 என்றால் ஹைபர்னேட்டிலிருந்து எழுந்தது. இன்னும் எளிய தடயம் டாஸ்க் மேனேஜரில் இருக்கிறது. பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தேர்ந்தால் "அப் டைம்" தெரியும். தினமும் இரவில் அணைத்த கணினி ஒன்பது நாள் தொடர்ந்து ஓடுவதாகச் சொன்னால் அது உண்மையில் ஒரு நாளும் முழுதாக அணையவில்லை. ரீஸ்டார்ட் மட்டும் எப்போதும் கெர்னலைப் புதிதாக ஏற்றும்.

லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கணினியில் இன்னொரு குறுக்குவழி: லினக்ஸிலிருந்து பவர் ஆஃப் கொடுத்துப் பாருங்கள். அங்கே விளக்குகள் அணைந்து, விண்டோஸிலிருந்து அணைத்தால் மட்டும் எரிந்தால் வேறு விசாரணை தேவையில்லை.

திருத்தம்

இரண்டு வழிகளில் ஒன்று போதும். பயாஸில் ஈஆர்பியை "எஸ்4 மற்றும் எஸ்5" என்று மாற்றலாம். அல்லது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தலாம். எஸ்எஸ்டி இருக்கும் கணினியில் இரண்டையும் செய்துவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. எஸ்எஸ்டியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மிச்சப்படுத்துவது சில நொடிகள். அதற்கு ஈடாக டிரைவர் சிக்கல்கள் நாள்கணக்கில் தொடர்கின்றன, லினக்ஸிலிருந்து விண்டோஸின் டிஸ்கைத் திறந்தால் ஹைபர்னேட் நிலையில் இருக்கிறது என்று எழுத மறுக்கிறது. சுழலும் ஹார்டு டிஸ்கிலேயே விண்டோஸ் இருக்கும் பழைய கணினி என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அப்படியே இருக்கவிட்டு பயாஸ் வழியை மட்டும் எடுங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்த: கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸைத் திறந்து, இடப்பக்கத்தில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இணைப்பைச் சொடுக்குங்கள். கீழே உள்ள தேர்வுகள் மங்கலாக இருக்கும். மேலே, தற்போது மாற்ற முடியாதவற்றை மாற்று என்ற பொருளில் இருக்கும் வரியைச் சொடுக்கினால் அவை திறக்கும். டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். அந்த வரியே அங்கே இல்லாவிட்டால் ஹைபர்னேட் வசதி ஏற்கெனவே அணைக்கப்பட்டிருக்கிறது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் ஓடவில்லை என்று அர்த்தம். விண்டோஸின் பெரிய அப்டேட்டுகளுக்குப் பின் இந்த டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பயாஸில் இந்த வசதியின் பெயரும் இடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஏசூஸ் போர்டுகளில் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஏபிஎம் கான்ஃபிகரேஷன் என்ற பிரிவுக்குள் ஈஆர்பி ரெடி. எம்எஸ்ஐயில் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, பவர் மேனேஜ்மென்ட் செட்டப் என்று போனால் அதே பெயரில். கிகாபைட்டில் பவர் மேனேஜ்மென்ட் அல்லது பிளாட்ஃபார்ம் பவர் என்ற பக்கத்தில் ஈஆர்பி. ஆஸ்ராக்கில் டீப் ஸ்லீப் என்ற பெயரைத் தேடுங்கள். பிராண்டட் கணினிகளில் பெயர்கள் இன்னும் தள்ளிப்போகும்: டெல்லில் டீப் ஸ்லீப் கன்ட்ரோல், எச்பி அலுவலகக் கணினிகளில் எஸ்5 மேக்ஸிமம் பவர் சேவிங்ஸ், லெனோவோ திங்க்சென்டரில் என்ஹான்ஸ்டு பவர் சேவிங் மோடு. ஏசூஸின் புதிய போர்டுகள் சிலவற்றில் சாஃப்ட் ஆஃப் நிலையில் யூஎஸ்பிக்கு மின்சாரம் தருவதா என்று தனியாக ஒரு வரியும் உண்டு. லேன் உயிரோடு இருக்க வேண்டும், மவுஸும் கீபோர்டும் மட்டும் அணைய வேண்டும் என்பவர்களுக்கு ஈஆர்பியைவிட அதுவே பொருத்தம்.

மாற்றிச் சேமித்ததும் பயாஸிலிருந்தே அணைத்துச் சோதிக்காதீர்கள். விண்டோஸ் வரை முழுதாக ஏறி, அங்கிருந்து வழக்கமான முறையில் ஷட்டவுன் கொடுத்து, அதன் பிறகு லேன் விளக்கைப் பாருங்கள். தினசரி நடக்கப்போவது அந்த வழிதானே.

ஹப் என்னும் தனி வழி

ஹார்டு டிஸ்கின் நீல விளக்குக்கு வருவோம். அது மாட்டியிருப்பது சொந்த அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பில். ஹப்பின் போர்ட்களுக்கு மின்சாரம் வருவது சுவரிலிருந்து. கணினி எஸ்5-இல் இருந்தால் என்ன, பிளக்கே பிடுங்கப்பட்டிருந்தால் என்ன, அடாப்டர் ஓடும்வரை ஹப்பின் போர்ட்கள் உயிரோடுதான் இருக்கும். பயாஸுக்கு அங்கே அதிகாரம் இல்லை. நல்ல ஹப்கள் கணினியிலிருந்து வரும் 5 வோல்ட் போனதைக் கண்டு தங்கள் போர்ட்களை அணைக்கும், விலை குறைந்தவை அணைக்காது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் சுவிட்ச் உள்ள ஹப்பை வாங்குவது அல்லது அடாப்டரையே கணினியின் சுவிட்சோடு சேர்த்துவிடுவதுதான் தீர்வு.

தனி 12 வோல்ட் அடாப்டருடன் வரும் 3.5 அங்குல வெளி டிஸ்குகளில் பல, யூஎஸ்பி கேபிளில் 5 வோல்ட் போனால்தான் கணினி அணைந்துவிட்டது என்று புரிந்துகொண்டு சுழற்சியை நிறுத்தும். ஹப் 5 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தச் செய்தி டிஸ்குக்குப் போய்ச் சேராது. ஆகவே இங்கே விளக்கைவிடக் கவலைப்பட வேண்டியது காரணமில்லாமல் இரவெல்லாம் சுழலும் மோட்டாரைப் பற்றி. இப்படிப்பட்ட டிஸ்கை ஹப்பில் மாட்டாமல் நேராகக் கணினியின் போர்ட்டில் மாட்டுங்கள்.

ஹப்பில் இதைவிட மோசமான ஒரு குறை உண்டு: பின்னோட்டம். ஹப் தன் அடாப்டரின் 5 வோல்ட்டைக் கணினிப் பக்கமே திருப்பி அனுப்பிவிடும். யூஎஸ்பி விதி இதைத் தடைசெய்கிறது. உள்ளே ஒரு டயோடையோ மாஸ்ஃபெட்டையோ மிச்சம் பிடித்த ஹப்களில் இது நடக்கிறது. அறிகுறிகள் குழப்பமாக இருக்கும். கணினியின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மதர்போர்டில் ஒரு விளக்கு மங்கலாக எரியும், ஃபேன் ஒரு அசைவு காட்டும், அல்லது பவர் பட்டனை அழுத்தினால் கணினி எழ மறுக்கும்.

சோதிக்க, ஹப்பின் அடாப்டர் ஓடும்போதே கணினிக்குப் போகும் கேபிளைக் கணினியிலிருந்து உருவுங்கள். அந்த யூஎஸ்பி-ஏ முனையின் இரு ஓரப் பின்களில் ஒன்று 5 வோல்ட், மற்றது தரை. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து இரு ஓரங்களையும் தொடுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் கவனம் தேவை. பூஜ்யம் காட்டினால் ஹப் நல்லது. 5 வோல்ட்டை ஒட்டி ஏதாவது காட்டினால் அந்த ஹப்பை மாற்றிவிடுங்கள். 5 வோல்ட் பின்மேல் மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப் ஒட்டித் தப்பிப்பவர்கள் உண்டு. ஆனால் கணினியின் 5 வோல்ட்டைப் பார்த்துத்தான் விழிக்கும் ஹப் அதன்பின் வேலையே செய்யாது.

இதே பின்னோட்டம் மானிட்டர் கேபிள் வழியாகவும் வரும். டிஸ்ப்ளேபோர்ட்டில் 20-ஆவது பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. அடாப்டர்களுக்காக வைக்கப்பட்ட அதை, இரு முனைகளையும் இணைக்கும் சாதாரண கேபிளில் இணைக்கக் கூடாது என்பது, டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் வீசா (VESA) அமைப்பின் தரம். இணைத்துவிட்ட கேபிள்கள் சந்தையில் கிடைக்கின்றன. மானிட்டர் ஸ்டான்ட்பையில் இருக்கும்போது அதன் 3.3 வோல்ட் அணைந்த கணினியின் கிராஃபிக்ஸ் கார்டுக்குள் நுழைகிறது. எல்லா யூஎஸ்பியையும் உருவி, எஸ்எம்பிஎஸ் பிளக்கையும் பிடுங்கிய பிறகும் உள்ளே வெளிச்சம் தெரிந்தால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். குற்றவாளி அதுவானால் வீசா சான்று பெற்ற கேபிள் ஒன்று போதும்.

ஈஆர்பி போட்டால் எதை இழப்போம்

திருத்தத்தைச் செய்யுமுன் அந்த மின்சாரத்தை யார் நம்பியிருக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். ஈஆர்பி வந்தால், நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேன் வசதி போகும். அலுவலகத்தில் இரவில் தொலைவிலிருந்து கணினிகளை எழுப்பி அப்டேட் போடும் பழக்கம் இருந்தால் மறுநாள் காலை ஒரு கணினியும் அப்டேட் ஆகியிருக்காது. கீபோர்டைத் தட்டி எழுப்புவதும் போகும். அணைந்த கணினியில் கைபேசி, ஹெட்செட், வயர்லெஸ் மவுஸ் ஆகியவற்றுக்கு சார்ஜ் ஏறுவதும் நிற்கும். இரவில் கணினி வழியாக மவுஸை சார்ஜ் செய்பவர் காலையில் செத்த மவுஸோடு உட்கார்ந்திருப்பார். முன்பக்கப் பவர் பட்டன் மட்டும் எப்போதும்போல வேலை செய்யும்.

வேக்-ஆன்-லேன் தேவைப்படும் இடத்தில் ஈஆர்பியைத் தொட வேண்டாம். விளக்குதான் தொந்தரவு என்றால் விளக்கை அணைக்கும் வழியைத் தேடுங்கள்: யூஎஸ்பிக்கு மட்டுமான பயாஸ் வரி, கீபோர்டின் சொந்த மென்பொருளில் ஒளி அமைப்பு, போர்டில் அணைந்த நிலையிலும் எரியும் எல்இடிகளுக்கான தனித் தேர்வு.

மிச்சமாகும் மின்சாரத்தைப் பற்றி மிகைப்படுத்தவும் வேண்டாம். அணைந்த நிலையில் கருவிகளோடு சேர்ந்து 3 வாட் எடுக்கும் கணினி, நாளுக்கு 16 மணி நேரம் அப்படி இருந்தால் ஆண்டுக்கு 17.5 யூனிட். வீட்டில் அது பெரிய தொகை அல்ல. 40 கணினிகள் உள்ள கல்லூரி ஆய்வகத்தில் அதே கணக்கு 700 யூனிட். அங்கே அரை மணி நேரம் செலவழித்து பயாஸை மாற்றுவது தகும். இந்த அளவை நீங்களே அளக்க நினைத்தால் மலிவான பிளக் வாட் மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். 5 வாட்டுக்குக் கீழே, பவர் ஃபாக்டர் மோசமாக இருக்கும் சுமையில், அவை காட்டும் எண் தாறுமாறாக இருக்கும்.

யூபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. 600 விஏ யூபிஎஸ்ஸில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, அதாவது 84 வாட்-மணி. இரவில் மின்வெட்டு வந்தால், அணைந்த கணினியின் ஸ்டான்ட்பைக்காக யூபிஎஸ் தன் இன்வெர்ட்டரை ஓட்டிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டரின் சொந்தச் செலவே கணினியின் செலவைவிட அதிகம். காலையில் பேட்டரி காலியாக இருப்பதற்கு இது ஒரு காரணம். கணினியை அணைத்ததும் யூபிஎஸ்ஸையும் அணைத்துவிடுங்கள்.

உண்மையான பழுது எப்போது

ஸ்டான்ட்பை லைன் மிகையாகச் சுமக்கும்போதுதான். சார்ஜிங் போர்ட் என்று குறியிட்ட போர்ட்கள் கணினி அணைந்ததும் சுவர் சார்ஜர்போல நடிக்கும். பேட்டரி சார்ஜிங் 1.2 தரப்படி கைபேசி அதிலிருந்து 1.5 ஆம்பியர் வரை எடுக்கலாம். அதோடு வண்ணக் கீபோர்டு அரை ஆம்பியர் எடுத்தால் 2 ஆம்பியர் முடிந்தது. லேனுக்கும் போர்டுக்கும் மிச்சம் எதுவும் இல்லை. 2 ஆம்பியர் ஸ்டிக்கர் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில் இப்படி இரவெல்லாம் ஓட்டுவது அந்தச் சிறு கன்வெர்ட்டரைச் சுடவைக்கும்.

அந்தக் கன்வெர்ட்டருக்கு ஓய்வே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். மற்ற லைன்கள் கணினி ஓடும்போது மட்டும் ஓடுகின்றன. இது பிளக் இருக்கும் நேரமெல்லாம் ஓடுகிறது. பழைய எஸ்எம்பிஎஸ்களில் இதன் கெப்பாசிட்டர்கள்தான் பெரும்பாலும் முதலில் காய்ந்துபோகும். அப்போது பவர் பட்டனை அழுத்தினால் பதில் இருக்காது. யூஎஸ்பி கருவிகளையெல்லாம் உருவிவிட்டு அழுத்தினால் எழும். கருவியில் பழுது என்று இதைப் பார்த்து முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் கருவியின் சிறு சுமையைக்கூட ஸ்டான்ட்பையால் தாங்க முடியவில்லை.

அளக்கும் முறை: கணினி அணைந்து, பிளக் மாட்டிய நிலையில், 24 பின் கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்புறத்திலிருந்து மீட்டரின் சிவப்பு முனையை ஊதா வயரிலும் கறுப்பு முனையை எந்தக் கறுப்பு வயரிலும் வையுங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில், பூட்டுக் கொக்கி இல்லாத வரிசையில், 1-ஆவது பின்னிலிருந்து எண்ணினால் 9-ஆவது அது. 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கருவிகள் இல்லாமல் ஒருமுறையும் எல்லாவற்றையும் மாட்டி ஒருமுறையும் அளந்து, இரண்டாவதில் 4.75-க்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கடைக்காரரின் யோசனை சரியாகும் ஒரே இடம் இது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெப்பாசிட்டரை மாற்றும் துணிச்சல் அனுபவம் இல்லாதவருக்கு வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயர்வோல்ட்டேஜ் தேங்கி நிற்கும்.

இதைவிட அடிக்கடி நடக்கும் இழப்பு வேறு. கணினி அணைந்துதானே இருக்கிறது என்று ரேமையோ கார்டையோ கழற்றிப் போடுகிறார்கள். ஸ்டான்ட்பை ஓடும் போர்டில் அப்படிச் செய்தால் ரேமும் ஸ்லாட்டும் போகலாம். பிளக்கைப் பிடுங்குங்கள். ஹப்பின் கேபிளையும் மானிட்டர் கேபிளையும் உருவுங்கள். பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்துத் தேங்கியதை வடித்துவிடுங்கள். போர்டின் எல்இடி முழுதாக அணைந்த பிறகே உள்ளே கை வையுங்கள்.

சுவர் சுவிட்ச் போதாதா

போதும். நம் ஊரில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் சுவிட்ச் உண்டு, ஸ்பைக் பஸ்டரிலும் உண்டு. கணினி, மானிட்டர், ஸ்பீக்கர், ஹப்பின் அடாப்டர் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் கோத்து, இரவில் அதை அணைத்துவிட்டால் இதுவரை சொன்ன எதுவும் தேவையில்லை. இடி மின்னல் காலத்தில் அதுவே சிறந்தது. பிளக்கோடு லேன் கேபிளையும் உருவிவிட வேண்டும்.

இரண்டு கவனங்கள். ஷட்டவுன் கொடுத்ததும் திரை முதலில் கறுக்கும், டிஸ்கில் எழுதுவது அதன் பின்னும் தொடரும். ஃபேன் நின்ற பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். அப்டேட் நடக்கும்போது தொடவே கூடாது. இரண்டாவது, போர்டின் சிஆர்2032 பட்டன் பேட்டரி. ஸ்டான்ட்பை இருக்கும்வரை கடிகாரம் அதிலிருந்து ஓடுகிறது, பேட்டரி சும்மா இருக்கிறது. சுவிட்சை அணைத்தால் கடிகாரத்தின் பாரம் பேட்டரிமேல் விழும். அதன் கொள்ளளவு சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி. கடிகாரம் 5 மைக்ரோஆம்பியர் எடுப்பதாக வைத்தால் 45,000 மணி நேரம், ஏறக்குறைய 5 ஆண்டுகள். நேரம் பின்தங்குவதோ பயாஸ் அமைப்புகள் மறந்துபோவதோ தொடங்கினால் பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி தீர்ந்து பயாஸ் தன் ஆரம்ப நிலைக்குப் போனால் நீங்கள் போட்ட ஈஆர்பியும் போய்விடும், மவுஸ் மறுபடி எரியத் தொடங்கும்.

மடிக்கணினியில் இந்த வழி கிடையாது, பேட்டரி உள்ளேயே இருக்கிறது. அதில் பேட்டரி அல்லது மின்னல் குறியிட்ட ஒரு போர்ட் மட்டும் அணைந்த பின்னும் 5 வோல்ட் தரும். லெனோவோவில் ஆல்வேஸ் ஆன் யூஎஸ்பி, டெல்லில் பவர்ஷேர் என்று பயாஸில் இருப்பதை அணைத்துவிடலாம். பைக்குள் வைத்த மடிக்கணினியில் வயர்லெஸ் மவுஸின் ரிசீவர் செருகியே இருந்தால் அதைக் குறியில்லாத போர்ட்டுக்கு மாற்றுவது இன்னும் எளிது.

இந்த நிகழ்வின் நிறைவு நிலை: ஈஆர்பி "எஸ்4 மற்றும் எஸ்5", ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இல்லை, வெளி டிஸ்க் ஹப்பிலிருந்து கணினியின் பின்பக்கப் போர்ட்டுக்கு மாறியது, ஹப்பின் அடாப்டர் ஸ்பைக் பஸ்டரில். வழக்கமான ஷட்டவுனுக்குப் பின் சில நொடிகளில் லேன் விளக்கு அணைகிறது, டிஸ்க் சுழல்வதை நிறுத்துகிறது. ஒரு சிறு ஸ்டிக்கரில் "ஈஆர்பி போட்டுள்ளது, வேக்-ஆன்-லேன் வேலை செய்யாது" என்று தேதியோடு எழுதி கேபினட்டின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து லேன் விளக்கு எரியவில்லை என்று நெட்வொர்க் கேபிளை மாற்ற வருபவருக்கு அது உதவும்.